நான்கு போர்ஷன் பழைய வீடு: வாங்கியது, பழுதுபார்த்தது, பணம் புரட்டிய கணக்கு

நான்கு போர்ஷனுக்கும் ஆள் வந்தாயிற்று. பழுதுபார்ப்புக் கடனின் கடைசித் தவணையும் வங்கியிலிருந்து வந்துவிட்டது. கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்ததில் தெரிவது இதுதான்: 64 லட்சத்துக்கு வீடு வாங்கிப் பழுதுபார்க்க, வங்கி ஏற்ற மதிப்பில் 80 சதவீதம் கடன் கிடைத்த பிறகும், கையிலிருந்து இறக்கியது ஏறத்தாழ 28 லட்சம். மாதத் தவணை கட்ட முடியுமா என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இந்த மாதிரி வாடகை வீட்டில் வேலை நடுவில் நிற்பது பெரும்பாலும் தவணையால் அல்ல, கையில் ரொக்கம் தீர்ந்துபோவதால். அதனால் இந்தப் பதிவில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு ரொக்கம் போனது என்பதற்கே அதிக இடம்.

வீடு மதுரை மாநகராட்சி எல்லைக்குள். மனை இரண்டே முக்கால் சென்ட், அதாவது 1,200 சதுர அடி. கீழே 850, மேலே 850 சதுர அடி கட்டடம். தளத்துக்கு இரண்டு போர்ஷன், ஒவ்வொன்றிலும் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறையோடு கழிப்பறை. கட்டி 28 வருடம். வாங்கும்போது மூன்று போர்ஷனில் ஆள் இருந்தார்கள், தலா 6,500 வாடகை, தலா 50,000 அட்வான்ஸ். மாடியில் பின்பக்கப் போர்ஷன் ஒழுகுவதால் பூட்டிக் கிடந்தது.

விலை பேசும் முன் வங்கி மதிப்பு

விற்பவர் சொல்லும் விலை ஒன்று, பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று, வங்கியின் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு இன்னொன்று. கடன், பத்திர விலை அல்லது வங்கி மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு: 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 30-க்கு மேல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்த்து இந்தச் சதவீதத்தைக் கணக்கிட முடியாது. விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் விலக்கு.

மதிப்பீட்டாளர் போட்ட கணக்கு இப்படி. மனை: சதுர அடி 4,000 வீதம் 48 லட்சம். கட்டடம்: 1,700 சதுர அடி, இன்று புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 1,900 என்று வைத்து 32.3 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 வருடம், கடைசியில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று எடுத்தால் வருடத்துக்கு ஒன்றரை சதவீதத் தேய்மானம். 28 வருடத்துக்கு 42 சதவீதம் போக, கட்டடத்தின் இன்றைய மதிப்பு 18.73 லட்சம். மொத்தம் 66.73 லட்சம்.

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் அனுமதி வரைபடத்தில் மாடியின் பின்பக்கப் போர்ஷன் இல்லை. அந்த 400 சதுர அடியை மதிப்பீட்டாளர் கழித்துவிட்டார்: 4.41 லட்சம் போயிற்று. மிச்சம் 62.32 லட்சம். 80 சதவீதம் என்றால் 49.86 லட்சம் கடன்.

அனுமதி இல்லாத பகுதியால் வரும் நஷ்டம் இதோடு நிற்பதில்லை. அந்தப் போர்ஷனில் செய்யும் பழுதுபார்ப்புக்கும் வங்கி கடன் தராது. பின்னால் மாநகராட்சி நோட்டீஸ் வந்தால் அதன் சுமை வாங்கியவர் தலையில்தான். அதனால் மதிப்பீட்டு அறிக்கையின் அந்தப் பக்கத்தை விற்பவரிடம் காட்டித்தான் விலை பேசப்பட்டது. 67-ல் நின்றவர் 64-க்கு இறங்கினார். வாய்வார்த்தையாக "மேல் போர்ஷனுக்கு அப்ரூவல் இல்லையே" என்பதைவிட, 4.41 லட்சம் என்ற எண்ணைக் காட்டினால் பேரம் சீக்கிரம் முடிகிறது.

பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடன் எடுத்து வாங்குபவருக்கு அதில் நேரடி நஷ்டம்: பத்திர விலை 10 லட்சம் குறைந்தால் கடன் 8 லட்சம் வரை குறையும். சட்டத்திலும் இடமில்லை. சொத்து விற்பனைக்கு அட்வான்ஸாகக்கூட 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம்.

ஆவணங்கள்

தாய்ப்பத்திரம், அதிலிருந்து இன்றுவரை தொடரும் பத்திரங்கள், 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா அல்லது டவுன் சர்வே நகல், அனுமதி வரைபடம், நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்துவரி ரசீது, நான்கு மின் இணைப்பின் அட்டைகள். வங்கி வக்கீல் கேட்பது இவ்வளவுதான்.

இங்கே இடறியது வில்லங்கத்தில். விற்பவர் பல வருடம் முன்பு இதே வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனை முழுதாக அடைத்துவிட்டார், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் கையில் இருந்தது. ஆனால் அடமானம் தீர்ந்ததைச் சொல்லும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. எனவே வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நின்றது. கடன் தீர்ந்த கடிதம் மட்டும் வங்கிக்குப் போதாது, வில்லங்கத்தில் ரசீது ஏறியாக வேண்டும். கடன் கொடுத்தவரின் பிரதிநிதி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டிய வேலை, அவர் தேதி கொடுக்கும் வரை எதுவும் நகராது. பழைய வீடுகளில் அடிக்கடி வருவது இது. வில்லங்கம் கையில் வந்ததும் அடமானப் பதிவுகளை முதலில் தேடி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ரசீதுப் பதிவு இருக்கிறதா என்று டிக் அடித்துக்கொண்டு போவதுதான் சரி.

கிரய ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம். ஒன்று, வங்கி வக்கீலோ மதிப்பீட்டாளரோ எழுப்பும் குறையால் கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும். இரண்டு, குடியிருப்பவர்களின் அட்வான்ஸ் 1.5 லட்சத்தைக் கடைசித் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று, பதிவு நாள்வரையிலான மின் கட்டணமும் சொத்துவரியும் விற்பவருடையது. காலக்கெடு 90 நாளாவது இருக்க வேண்டும். 45 நாள் என்று எழுதிவிட்டு ரசீது ஆவணத்துக்காகக் காத்திருந்தால் அட்வான்ஸ் ஆபத்தில் நிற்கும்.

இரண்டு கடனையும் ஒரே மூச்சில் கேட்பது

இந்த முழு வேலையிலும் அதிகப் பணம் மிச்சமானது இந்த ஒரு முடிவில்தான். வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் வீடு வாங்கும் கடனை அதிகபட்சம் எடுப்பார்கள். குடியேறி ஆறு மாதம் கழித்து, பழுதுபார்க்க டாப்-அப், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன் கேட்பார்கள். அப்போது மதிப்பீட்டாளர் மறுபடி வருவார். புது ஒயரிங், புது குழாய், பெயின்ட் எதுவும் கட்டடத்தின் வயதைக் குறைக்காது, தேய்மானக் கணக்கு அப்படியே இருக்கும். 14 லட்சம் செலவழித்த வீட்டின் மதிப்பை அவர் 5 லட்சம் ஏற்றினாலே பெரிது. 67.3 லட்சத்தில் 80 சதவீதம் 53.84. ஏற்கெனவே நிற்கும் பாக்கி 49.5 போனால் டாப்-அப் 4.3 லட்சம்தான் வரும்.

பதிவுக்கு முன்பே வீடு வாங்கும் கடனோடு பழுதுபார்ப்புக் கடனையும் சேர்த்துக் கேட்டால் கணக்கு வேறு. பதிவு பெற்ற பொறியாளர் கையெழுத்திட்ட எஸ்டிமேட்டை வைத்து, அந்தச் செலவில் 80 சதவீதத்துக்கு ஒப்புதல் தருவார்கள். இங்கே எஸ்டிமேட் மொத்தம் 14,37,500. அனுமதியில்லாத போர்ஷனின் கழிப்பறை, ஒயரிங், சமையலறை மூன்றும் சேர்த்து 1,90,000 கழிய, வங்கி ஏற்றது 12,47,500. அதில் 80 சதவீதம் 9,98,000.

9.98 லட்சத்துக்கும் 4.3 லட்சத்துக்கும் இடையிலுள்ள 5.68 லட்சத்தைப் பர்சனல் லோனில் எடுத்திருந்தால், 13 சதவீத வட்டி, 5 வருடம், மாதம் சுமார் 12,900. வீட்டுக்கடனில் 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் சுமார் 4,930. பழுதுபார்க்கும் மாதங்களில் வாடகை பாதியாகக் குறைந்திருக்கும்போது இந்த 8,000 வித்தியாசம்தான் மூச்சுவிட இடம் தருகிறது. 20 வருடத்துக்கு மொத்த வட்டி கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, கையில் பணம் சேரும்போது அடைத்துக்கொள்ளலாம்.

தகுதிக் கணக்கு: கையில் வரும் சம்பளம் 90,000. இருக்கும் வாடகை 19,500-ல் பாதியை வங்கி வருமானமாக ஏற்றது, அதற்கும் வாடகை ஒப்பந்தமும் விற்பவரின் கணக்கில் வாடகை ஏறிய விவரமும் காட்ட வேண்டியிருந்தது. மொத்தம் 99,750. இதில் 55 சதவீதம் வரை தவணைக்குப் போகலாம் என்றால் 54,860. இரண்டு கடனும் சேர்ந்து 59.84 லட்சம், தவணை சுமார் 51,950. நூலிழையில் தேறியது. வேறு வண்டிக்கடனோ நகைக்கடன் தவணையோ இருந்தால் இங்கேயே அடிபடும்.

ஒப்புதல் கடிதத்தோடு கடன் காப்பீட்டுப் பாலிசி ஒன்றை வைத்து, பிரீமியத்தையும் கடனில் சேர்த்துவிடுவார்கள். கடன் வாங்க அது கட்டாயம் இல்லை. தனியாக ஒரு டெர்ம் பாலிசி இருந்தால் எழுத்தில் மறுத்துவிடலாம். கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீடு வேறு, அதை எடுத்தே ஆக வேண்டும்.

பதிவு நாளுக்கான ரொக்கம்

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பத்திர விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். 64 லட்சத்துக்கு 5,76,000.

வாங்குபவர் பங்கு, அதாவது விலைக்கும் கடனுக்கும் இடைவெளி: 14,13,920. அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணத்தையும் பதிய வேண்டும். கடன் தொகையில் அரை சதவீத முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதப் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 35,000 ஒதுக்கியது போதுமானதாக இருந்தது. வங்கியின் பிராசஸிங் கட்டணம் ஜிஎஸ்டியோடு, வக்கீல், மதிப்பீட்டாளர், பத்திரம் எழுதுபவர் எல்லாம் சேர்த்து 55,000. புரோக்கர் ஒரு சதவீதம், 64,000. கூட்டினால் 21,43,920. விலையில் மூன்றில் ஒரு பங்கு, இன்னும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாமல்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் ஒரு சதவீத டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரிக்கான முன்பிடித்தம் பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். இங்கே 64,000. இது கூடுதல் செலவு அல்ல, விற்பவருக்குப் போகும் பணத்திலிருந்து கழிவது. ஆனால் வங்கி தன் டிமாண்ட் டிராஃப்டை முழுத் தொகைக்குத்தான் எடுக்கும். எனவே சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கும் பகுதியில்தான் 64,000 கழிக்க இடம் வைத்துக்கொள்ள வேண்டும். அட்வான்ஸாகவே பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுக் கடைசி நாளில் கழிக்க எதுவும் மிச்சமில்லாமல் போவதுண்டு. விற்பவரின் பான், ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்து கிடந்தால் பிடித்தம் 20 சதவீதம், எனவே ஒப்பந்தத்துக்கு முன்பே அதைச் சரிபார்க்க வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் விதிமுறையே வேறு, பிடித்தம் பல மடங்கு கூடும்.

எஸ்டிமேட்டின் உள்ளே

மொட்டைமாடிச் சுருக்கியை (ஒழுகாமல் இருக்கத் தளத்தின் மேல் போடும் அடுக்கு) கொத்தி எடுத்துப் புதிதாகப் போட்டு ஓடு பதிக்க 850 சதுர அடி, 150 வீதம் 1,27,500. கூரைத் தளத்தில் கம்பி துருப்பிடித்துப் பெயர்ந்த இடங்கள் 120 சதுர அடி, 450 வீதம் 54,000. கழிப்பறை நான்கு, தலா 90,000. ஒயரிங் போர்ஷனுக்கு 65,000 வீதம் 2,60,000. தண்ணீர்க் குழாய், தொட்டி, மோட்டார் 1,40,000. சமையலறை தலா 35,000. தரை ஓடு 1,100 சதுர அடிக்கு 1,21,000. பூச்சு ஒட்டுவேலையும் பெயின்டும் 1,75,000. கழிவுநீர் லைனும் சேம்பர்களும் 60,000. இதன் மேல் 15 சதவீதம், 2,15,625, எதிர்பாராச் செலவுக்கு. இந்தக் கடைசி வரியை வங்கி ஏற்காது, முழுதும் சொந்தப் பணம். ஆக வேலைக்கான மொத்தம் 16.53 லட்சம், வங்கிப் பங்கு போகக் கையிலிருந்து 6.55 லட்சம்.

வேலை வரிசை

தளம் தளமாக வேலை பார்த்தால் கெட்டது. மேல் கழிப்பறையும் கீழ்க் கழிப்பறையும் ஒரே மலக்குழாயில் இறங்குகின்றன, மேலே கொத்தினால் கீழே உட்கூரை பெயரும். எனவே பின்பக்கத்தின் மேலும் கீழும் ஒரு கட்டம், முன்பக்கத்தின் மேலும் கீழும் அடுத்த கட்டம். பின்பக்க மாடி ஏற்கெனவே காலி என்பதால் முதல் கட்டத்தில் ஒரு குடும்பம் மட்டும் இடம் மாற வேண்டியிருந்தது. அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்த 50,000 அட்வான்ஸ், கிரயத்தில் கழித்த 1.5 லட்சத்திலிருந்து போனது. அந்தத் தொகையை வேலைச் செலவுக்கு எடுக்காமல் தனிக் கணக்கில் போட்டு வைத்தது இதற்குத்தான்.

மொட்டைமாடி எல்லாவற்றுக்கும் முன்னால், வடகிழக்குப் பருவமழைக்குள் முடிந்தாக வேண்டும். கூரை ஒழுகும்போது உள்ளே அடித்த பெயின்டும் பூச்சும் வீண். பழைய சுருக்கி நாலு அங்குலக் கனம், 850 சதுர அடிக்கு 283 கன அடி. கொத்தினால் உப்பி ஏறத்தாழ மூன்றே முக்கால் யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி). டிராக்டர் நடைக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும் நாலு நடை. எஸ்டிமேட்டில் "கொத்தி எடுக்க" என்று இருக்கும், "வெளியே கொண்டுபோய்க் கொட்ட" என்று இருக்காது. கழிப்பறை, தரை இடிபாடும் சேர்ந்து இதற்கு மட்டும் 27,000 கூடுதல். புதுச் சுருக்கிக்கு வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், மழைநீர் இறங்க 110 மில்லிமீட்டர் குழாய் இரண்டு. ஒரே குழாய் என்றால் இலை அடைத்த அன்று மாடி குளமாகும்.

கூரைத் தளத்தில்தான் கணக்கு நகர்ந்தது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் 'ணங்' என்று கேட்கும், உப்பிய இடம் பொத்தென்று. அப்படிச் சாக்பீஸில் வட்டமிட்டது 120 சதுர அடி. ஆனால் பின்பக்கக் கழிப்பறைக்குக் கீழே பூச்சைப் பெயர்த்தபோது, 10 மில்லிமீட்டர் கம்பி துரு நீக்கியபின் காலிப்பரில் 7-க்கும் குறைவாக நின்றது. விட்டத்தில் 3 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குவெட்டில் பாதிக்குமேல் போயிற்று. இதற்கு மேல் பூசி மூடுவது ஏமாற்று வேலை. முதலில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, கம்பியைச் சுற்றிப் பின்பக்கம் 20 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை கான்கிரீட்டைக் கொத்தி, கம்பிப் பிரஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்து, இளைத்த கம்பிக்கு இணையாகப் புதுக் கம்பி இரண்டு பக்கமும் 500 மில்லிமீட்டர் ஒட்டுத் தந்து கட்டி, பாலிமர் கலந்த சாந்தை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கூடுதல் 38,000. கழிப்பறைக்குக் கீழ் உள்ள கூரையை விலை பேசும் முன்பே ஓர் இடத்தில் பெயர்த்துப் பார்க்க விற்பவர் சம்மதித்தால், இந்தத் தொகை பேரத்தில் வந்திருக்கும்.

கழிப்பறைத் தரையில் நீர்ப்புகாப் பூச்சுக்குப் பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சில் கோடு போட்டுப் பார்ப்பது கட்டாயம். ஓடு பதித்த பிறகு சோதித்தால் தெரிந்து என்ன பயன்? குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் கசியும். அங்கே சாதாரண சிமென்டுக்குப் பதில் சுருங்காத கிரௌட். மலக்குழாய் 110, குளியல் நீர் 75 மில்லிமீட்டர், ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து அடைப்பெடுக்கும் மூடியுள்ள பெண்டு, காற்றுக்குழாய் மொட்டைமாடிக்கு மேலே வரை.

ஒயரிங்கில் போர்ஷனுக்கு ஒரு டிபி (மின் பங்கீட்டுப் பெட்டி), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, கீசருக்கும் ஏசிக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். முதல் கட்டம் முடிந்து மின்சாரம் கொடுத்ததும் கீழ்ப் போர்ஷனின் ஆர்சிசிபி நிற்கவே இல்லை, விளக்குப் போட்ட உடனே விழுந்தது. எர்த் கசிவு தேடிப் பார்த்தால் எதுவும் இல்லை. காரணம், படிக்கட்டு விளக்கின் நியூட்ரலை அந்தக் காலத்தில் இரண்டு போர்ஷனுக்கும் பொதுவாக இழுத்திருந்தார்கள். ஃபேஸ் ஒரு டிபியிலிருந்து போய் நியூட்ரல் இன்னொன்று வழியாகத் திரும்பினால், ஆர்சிசிபி அதைக் கசிவாகத்தான் பார்க்கும். இந்த இடத்தில் எலக்ட்ரீஷியன் ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு "இப்ப சரியாயிருச்சு சார்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். விடக் கூடாது. பொது விளக்கும் மோட்டாரும் தனிப் பொது இணைப்புக்கு மாறியதும் பிரச்சினை தீர்ந்தது. குடியிருப்பவர் யாருடைய மீட்டரில் மோட்டார் ஓடுகிறது என்ற சண்டையும் அதோடு போயிற்று.

வங்கித் தவணையும் சனிக்கிழமைக் கூலியும்

பழுதுபார்ப்புக் கடன் மொத்தமாக வராது. முதலில் சொந்தப் பங்கு 2,49,500 செலவானதைக் காட்ட வேண்டும். பிறகு 40, 40, 20 சதவீதமாக மூன்று தவணை. ஒவ்வொன்றுக்கும் முன் பொறியாளர் சான்று, பில்கள், வங்கி ஆள் வந்து பார்த்து எழுதும் குறிப்பு. கேட்ட நாளிலிருந்து பணம் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். கூலியோ வாராவாரம் சனிக்கிழமை மாலை கொடுக்க வேண்டியது. ஒரு வாரம் தவறினால் மேஸ்திரி ஆட்களை வேறு சைட்டுக்கு இழுத்துவிடுவார், திரும்பக் கூட்டிவர மாதம் ஆகும். இந்த இடைவெளிக்கென்று 3 லட்சம் சுழற்சிப் பணம் தனியாக வைத்திருந்தது வேலையைக் காப்பாற்றியது. 6.55 லட்சத்துக்குள்ளேயே இதைப் பிரித்து வைத்திருந்ததால் புதிதாகக் கடன் வாங்க வேண்டியிருக்கவில்லை.

வேலை ஒப்பந்தம் உருப்படி விலையில் இருக்க வேண்டும்: சுருக்கி சதுர அடிக்கு இவ்வளவு, கழிப்பறை ஒன்றுக்கு இவ்வளவு. எஸ்டிமேட்டில் உள்ள அதே தலைப்புகள் அதே வரிசையில் ஒப்பந்தத்திலும் பில்லிலும் வந்தால் வங்கியில் கேள்வி வராது. "மொத்தம் 14 லட்சம், பார்த்துக்கலாம்" என்று பேசினால் எந்தத் தவணைக்கு எவ்வளவு வேலை முடிந்தது என்று பொறியாளரால் சான்று எழுத முடியாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுத்தது பில்லுக்கு ஈடாக நின்றது. 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை பிடித்து வைக்கவும் ஒப்பந்தத்தில் இடம் இருந்தது.

எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கிய 2.15 லட்சத்தில் 1.7 லட்சம் கரைந்தது. 28 வருட வீட்டுக்கு 10 சதவீதம் வைத்திருந்தால் போதாமல் போயிருக்கும்.

வாடகை, வரி

புது வாடகை போர்ஷனுக்கு 8,500, நான்குக்கும் 34,000. வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைத்து, சொத்துவரி, பொது மின்சாரம், சில்லறைப் பழுதுக்கு மாதம் 4,000 கழித்தால் மிஞ்சுவது சுமார் 27,000. தவணை 51,950. ஆக மாதம் 25,000 சம்பளத்திலிருந்து போகிறது. "வாடகையே கடனைக் கட்டிவிடும்" என்று புரோக்கர் சொன்னால், காலி மாதத்தையும் பராமரிப்பையும் சேர்த்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

வாடகை ஒப்பந்தங்கள் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். அட்வான்ஸுக்கு அந்தச் சட்டம் சொல்லும் பொது வரம்பு மூன்று மாத வாடகை. 25,500 வீதம் நான்கு பேருக்கு 1,02,000. பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸை வாங்கி வேலைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நிதித் திட்டத்தில் எழுதிவிடக் கூடாது.

வருமான வரியில், முதல் முழு வருடம் 11 மாத வாடகை 3,74,000. கட்டிய சொத்துவரி 9,000 போக 3,65,000. அதில் 30 சதவீத நிலைக் கழிவு போக 2,55,500. கடன் வட்டி சுமார் 5,04,000. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு வட்டிக் கழிவில் உச்சவரம்பு இல்லை, எனவே கணக்கில் நஷ்டம் 2,48,500. பழைய வரி முறையில் இருந்தால் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்து, மீதி 48,500-ஐ எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம். புதிய முறையில் சம்பளத்தோடு கழிக்க முடியாது. முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டிலும் போட்டுப் பார்ப்பது அவசியம். பழுதுபார்ப்புக் கடன் வட்டியும் இதில் சேரும், ஆனால் வங்கியிடம் இரண்டு கடனுக்கும் தனித்தனி வட்டிச் சான்று கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்த வீட்டில் மாற்ற வேண்டியவை

பொறியாளரை அட்வான்ஸுக்கு முன்பே கூட்டிப்போவது முதல் மாற்றம். கழிப்பறைக்குக் கீழ்க் கூரையைத் தட்டிப் பார்க்க, மீட்டர் பலகையில் நியூட்ரல் பொதுவாக இருக்கிறதா என்று பார்க்க, வரைபடத்தோடு டேப் பிடித்து ஒப்பிட அரை நாள் போதும். வில்லங்கத்தை விற்பவர் கொடுக்கும் நகலில் பார்க்காமல் நேரடியாக எடுத்து, ரசீது ஆவணங்கள் ஏறியிருந்தால் மட்டும் காலக்கெடு எழுத வேண்டும். இடிபாடு அகற்றுவதை எஸ்டிமேட்டில் தனி வரியாக, யூனிட் கணக்கில் கேட்க வேண்டும். கடைசியாக, அசல் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைக்கும்போது ஒவ்வொரு ஆவணத்தின் எண், வருடம், பக்க எண்ணிக்கை எழுதிய பட்டியலில் வங்கி முத்திரையோடு கையெழுத்து வாங்க வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராத வங்கி, தாமதத்துக்குத் தானே காரணம் என்றால், நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எதை ஒப்படைத்தோம் என்று காட்ட அப்போது அந்தப் பட்டியல்தான் வேண்டும். அதோடு ரசீது ஆவணத்தைத் தள்ளிப்போடாமல் பதிந்துவிட வேண்டும்.